தாஷ்ரோ குடும்பம்: இரண்டு ழான்-தோமா, இரண்டு ஆன்ரி, மூன்று தலைமை நீதிபதிகள். யார் யார்?

வேர்தேடி கேட்டது:

கனடாவின் கியூபெக் மாகாணத்துத் தாஷ்ரோ குடும்பத்தைப் பற்றித் தமிழில் ஒரு விரிவான கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். வழக்கறிஞர், சட்டமன்ற உறுப்பினர், நீதிபதி, கர்தினால், மாகாண முதல்வர் என்று 18ஆம் நூற்றாண்டு முதல் 1960கள் வரை இந்தக் குடும்பப் பெயர் விடாமல் வந்துகொண்டே இருக்கிறது. சேகரித்த குறிப்புகளை வரிசைப்படுத்த உட்கார்ந்தால் எல்லாம் ஒன்றோடொன்று மோதுகின்றன. மூன்று இடத்தில் தடுக்குகிறது.

1. ஒரு குறிப்பில் ழான்-தோமா தாஷ்ரோ 1810இல் சிறையில் இருக்கிறார். இன்னொன்றில் 1875இல் கனடா உச்ச நீதிமன்றத்தில் அமர்கிறார். இருவர் என்பது தெரிகிறது. உறவு என்ன?

2. "தலைமை நீதிபதி தாஷ்ரோ" என்ற தொடருக்கு 1902, 1907, 1963 என மூன்று ஆண்டுகள் கிடைக்கின்றன. மூன்றும் ஒரே பதவியா?

3. ஆன்ரி-எல்ஸெயாரும் ஆன்ரி-தோமாவும் அண்ணன் தம்பியா? ஓரிடத்தில் சகோதரர் என்றும் ஓரிடத்தில் தூரத்து உறவு என்றும் இருக்கிறது.

மூல ஆவணங்களில் எங்கே, எந்த வரிசையில் தேடுவது என்றும் சொன்னால் உதவியாக இருக்கும். பிரெஞ்சு ஓரளவு வாசிப்பேன்.

---

கொடிவழி பதில்:

இந்தக் குடும்பத்தில் பெயரைப் பிடித்துக்கொண்டு ஏறினால் கட்டாயம் வழுக்கும். பிறந்த ஆண்டையும் தாயின் பெயரையும் பிடித்துக்கொள்ளுங்கள். குறிப்பேட்டில் ஒவ்வொருவர் பெயரோடும் இவை இரண்டையும் எழுதிய பிறகே பதவிகளை எழுதுங்கள்.

முதலில் வந்தவர் தோமா-ழாக் தாஷ்ரோ. பிரான்சின் தூர் நகரத்துக்காரர். 1726இல் நியூ பிரான்சின், அதாவது வட அமெரிக்கப் பிரெஞ்சுக் குடியேற்றத்தின், இன்டெண்டன்ட் (நிர்வாகத் தலைமை அதிகாரி) துப்புயியின் செயலாளராக வந்தார். 1736இல் ஷோதியேர் ஆற்றங்கரையில் ஒரு செனியூரி, அதாவது குடியானவர்களிடம் வரி வாங்கும் உரிமையோடு கூடிய நிலமானியம், அவருக்குக் கிடைத்தது. இன்றைய போஸ் வட்டாரத்தின் சான்த்-மரி அதுதான். குடும்பத்தின் வேர் அந்த ஊரிலேயே நிலைத்தது.

அவர் மகன் கப்ரியேல்-எல்ஸெயார் (1745–1809). 1775–76இல் அமெரிக்கப் படை கியூபெக்குக்குள் நுழைந்தபோது பிரிட்டிஷ் அரசின் பக்கம் நின்றவர். படை பின்வாங்கிய பிறகு ஒவ்வொரு பங்காக (பங்கு என்பது ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரம்) சென்று யார் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்று விசாரித்த மூவரில் ஒருவர். 1792இல் கூடிய கீழ்க் கனடாவின் (கியூபெக்கின் அன்றைய பெயர்) முதல் சட்டமன்றத்திலும் இருந்தார். சட்டமன்றத்தோடு இந்தக் குடும்பத்தின் தொடர்பு அங்கே தொடங்குகிறது.

இவரிடமிருந்து உங்களுக்கு வேண்டிய இரண்டு கிளைகள் பிரிகின்றன. பிள்ளைகள் இன்னும் உண்டு, இப்போதைக்கு அவர்களை விடுங்கள்.

மூத்த கிளை: மகன் தோமா-பியேர்-ழொஸெஃப். அவருடைய மகன்கள் பியேர்-எல்ஸெயார் (1805–1845), ழொஸெஃப்-ஆந்த்ரே (1806–1867). இருவரும் வழக்கறிஞர்கள், இருவரும் அரசியலில் இருந்தவர்கள். இளையவர் பிறகு நீதிபதி ஆனார். பியேர்-எல்ஸெயாரின் மகன்தான் ஆன்ரி-எல்ஸெயார் (1836–1911).

இளைய கிளை: மகன் ழான்-தோமா (1778–1832). 1806இல் 'லெ கனதியன்' பத்திரிகையைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1810இல் ஆளுநர் கிரெய்க் பத்திரிகையை முடக்கி, பியேர் பெதார், பிரான்சுவா பிளான்ஷே ஆகியோரோடு இவரையும் சிறையில் அடைத்தார். அதே மனிதர் 1827இல் கிங்ஸ் பெஞ்ச் என்ற நீதிமன்றத்தின் நீதிபதி. 1832 காலராவில் இறந்தார். அவர் மகன்களில் இருவர் முக்கியமானவர்கள்: தந்தையின் பெயரையே கொண்ட ழான்-தோமா (1814–1893), கர்தினால் எல்ஸெயார்-அலெக்ஸாந்த்ர் (1820–1898). ஆக உங்கள் முதல் கேள்விக்கு விடை, தந்தையும் மகனும். சிறையில் இருந்தவர் தந்தை. உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்தவர் மகன்.

மகன் ழான்-தோமாவுக்கு இரண்டு திருமணம். முதல் மனைவி லூயிஸ்-அதேல் தியோன். அவருக்குப் பிறந்தவர் ஆன்ரி-தோமா (1841–1909). இரண்டாம் மனைவி மரி-ழொஸெஃபின் கரோன். அவருக்குப் பிறந்தவர் லூயி-அலெக்ஸாந்த்ர் (1867–1952), பிற்காலத்து மாகாண முதல்வர். தந்தை ஒருவர், தாய் வேறு, நடுவில் 26 ஆண்டு இடைவெளி. முதல்வரின் மகன் ரொபேர் (1896–1970).

இப்போது மூன்றாவது கேள்வி. ஆன்ரி-எல்ஸெயாரும் ஆன்ரி-தோமாவும் உடன்பிறந்தவர்கள் அல்லர். தந்தை வழியில் கொள்ளுத்தாத்தா ஒருவர், ஆகவே இரண்டுவிட்ட சகோதரர்கள். இங்கே நிறுத்திவிடுகிறவர்கள்தான் "தூரத்து உறவு" என்று எழுதுகிறார்கள். தாய்மார்களைப் பாருங்கள். ஆன்ரி-எல்ஸெயாரின் தாய் கத்தரின்-ஏனெதின் தியோன். ஆன்ரி-தோமாவின் தாய் லூயிஸ்-அதேல் தியோன். இருவரும் வணிகரும் நிலமானியக்காரருமான அமாப்ல் தியோனின் மகள்கள். பியேர்-எல்ஸெயாரும் ழான்-தோமாவும் ஒன்றுவிட்ட சகோதரர்களாக இருந்து சகலைகளும் ஆனவர்கள். அவர்கள் பிள்ளைகள் தந்தை வழியில் பங்காளிகள், தாய் வழியில் பெரியம்மா சித்தி பிள்ளைகள். தமிழ் முறைப்படி எந்தப் பக்கம் பார்த்தாலும் அண்ணன் தம்பி முறைதான். ஆங்கிலத்தில் வெறும் 'கசின்' என்று எழுதியதை யாரோ சகோதரர் என்று பெயர்த்திருப்பார்கள். கட்டுரையில் "தந்தை வழியில் இரண்டுவிட்ட, தாய் வழியில் ஒன்றுவிட்ட சகோதரர்" என்று முழுதாக எழுதிவிடுங்கள்.

நினைவில் வைக்க ஓர் எளிய வழி: இந்த இரு ஆன்ரிகளுக்கும் பெயரின் பின்பாதி தந்தையுடையது. பியேர்-எல்ஸெயார் மகன் ஆன்ரி-எல்ஸெயார், ழான்-தோமா மகன் ஆன்ரி-தோமா. கர்தினாலுக்கு இந்த வழி பொருந்தாது.

இந்தக் குடும்பத்தின் உண்மையான இணைப்புக் கயிறு பெண்கள் என்பதே என் கருத்து. முதல் ழான்-தோமாவின் மனைவி மரி பனே, கீழ்க் கனடா சட்டமன்றத்தின் முதல் அவைத்தலைவர் ழான்-அந்துவான் பனேயின் மகள். மரி-ழொஸெஃபின் கரோன், கியூபெக் துணைநிலை ஆளுநராக இருந்த ரெனே-எதுவார் கரோனின் மகள். அவருடைய தங்கை கொரின், வழக்கறிஞர் சார்லஸ் ஃபிட்ஸ்பாட்ரிக்கை மணந்தார். லூயி-அலெக்ஸாந்த்ர் வழக்கறிஞராகத் தொழில் செய்தது இந்தச் சித்தப்பாவின் அலுவலகத்தில்தான். 1906இல் ஆன்ரி-எல்ஸெயார் விலகியதும் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆனவரும் இதே ஃபிட்ஸ்பாட்ரிக். ஆண்களின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்த இடம் வெளியார் கைக்குப் போனது போலத் தோன்றும்.

---

தீர்ப்புரை பதில்:

இரண்டாவது கேள்விக்கு: மூன்று ஆண்டுகள், மூன்று ஆட்கள், ஆனால் நீதிமன்றங்கள் இரண்டே.

1902: ஆன்ரி-எல்ஸெயார், கனடா உச்ச நீதிமன்றத்தின் நான்காவது தலைமை நீதிபதி, 1906 வரை. அந்தப் பதவிக்கு வந்த முதல் பிரெஞ்சுக் கனடியர்.

1907: ஆன்ரி-தோமா, கியூபெக் மாகாணத்தின் கிங்ஸ் பெஞ்ச் தலைமை நீதிபதி, 1909இல் இறக்கும் வரை. இது மாகாண நீதிமன்றம்.

1963: ரொபேர், மறுபடியும் கனடா உச்ச நீதிமன்றம், பதினோராவது தலைமை நீதிபதி, 1967 வரை.

கிங்ஸ் பெஞ்ச் என்ற பெயரில் கவனம் வேண்டும். முதல் ழான்-தோமா 1827இல் சேர்ந்த கிங்ஸ் பெஞ்ச் முதல்நிலை வழக்குகளையும் கேட்ட நீதிமன்றம். 1849 சீரமைப்புக்குப் பிறகு முதல்நிலை வழக்குகள் சுப்பீரியர் கோர்ட்டுக்குப் போயின. பெஞ்ச் முக்கியமாக மேல்முறையீட்டு நீதிமன்றமாக மாறியது. அரியணையில் அரசி இருந்தால் குயின்ஸ் பெஞ்ச், அரசர் இருந்தால் கிங்ஸ் பெஞ்ச். அதனால் 1901க்கு முன்னும் பின்னும் ஒரே நீதிமன்றத்துக்கு இரண்டு பெயர் வரும். இன்று அது கியூபெக் மேல்முறையீட்டு நீதிமன்றம். தாத்தாவும் பேரனும் "கிங்ஸ் பெஞ்ச் நீதிபதிகள்" என்று ஒரே வரியில் எழுதினால் சொல் சரி, பொருள் தவறு.

உச்ச நீதிமன்றம் 1875இல் ஆறு நீதிபதிகளோடு தொடங்கியது. இரண்டு இடங்கள் கியூபெக்குக்கு, ஏனென்றால் அங்கே உரிமையியல் சட்டம் பிரெஞ்சு மரபில் 1866இல் தொகுக்கப்பட்ட சட்டத்தொகுப்பு. மற்ற மாகாணங்களில் ஆங்கிலேயப் பொதுச் சட்டம். அந்த முதல் அறுவரில் இரண்டாம் ழான்-தோமா ஒருவர். 1878இல் அவர் ஓய்வு பெற, அவர் இடத்துக்கு வந்தவர் ஆன்ரி-எல்ஸெயார். ஆக 1875 முதல் 1906 வரை அந்த அமர்வில் ஒரு தாஷ்ரோ எப்போதும் இருந்தார். பிறகு 1940 முதல் 1967 வரை ரொபேர். நடுவில் 34 ஆண்டு இடைவெளி இருக்கிறது. "தொடர்ச்சியாக மூன்று தலைமுறை" என்று எழுதிவிடாதீர்கள்.

'உச்ச' என்ற சொல்லும் ஏமாற்றும். முதல் இருவர் காலத்தில் அதற்கு மேலே லண்டன் பிரிவி கவுன்சிலின் நீதிக்குழு இருந்தது. 1904இல் ஆன்ரி-எல்ஸெயாரே அந்தக் குழுவின் உறுப்பினர் ஆனார். குற்றவியல் மேல்முறையீடுகள் 1933இலும், மற்றவை 1949இலும் நின்றன. அதே 1949இல் நீதிபதிகள் எண்ணிக்கை ஒன்பது ஆகி, கியூபெக்குக்கு மூன்று இடம் வந்தது. ரொபேர் தலைமை ஏற்றபோது அந்த நீதிமன்றம் மெய்யாகவே இறுதி நீதிமன்றம்.

கட்டுரையில் ஒரே ஒரு வழக்கை விரிவாக எழுதுவதானால் 1877இன் பிரஸார் எதிர் லான்ஷ்வேன் வழக்கை எழுதுங்கள். 1876 ஜனவரி, ஷார்ல்வுவா தொகுதி இடைத்தேர்தல். பழமைவாதக் கட்சியின் எக்தர்-லூயி லான்ஷ்வேன் வெல்கிறார். தாராளவாதிக்கு வாக்களிப்பது பாவம் என்ற அளவுக்குப் பங்குக் குருக்கள் பிரசங்க மேடையிலிருந்து பேசினார்கள், இது முறையற்ற செல்வாக்கு என்பது வழக்கு. முதல்நிலையில் நீதிபதி ரூத்தியே மனுவைத் தள்ளினார். உச்ச நீதிமன்றம் அதை மாற்றித் தேர்தலைச் செல்லாது என்றது. முதன்மைத் தீர்ப்புகளில் ஒன்றை எழுதியவர் இரண்டாம் ழான்-தோமா. அப்போது கியூபெக்கின் பேராயர் யார்? அவருடைய சொந்தத் தம்பி எல்ஸெயார்-அலெக்ஸாந்த்ர். எதிர்த்தரப்பு லான்ஷ்வேனின் அண்ணனோ ரிமூஸ்கி ஆயர். குருக்களின் சொல்லும் நாட்டின் தேர்தல் சட்டத்துக்கு உட்பட்டதே என்று பேராயரின் அண்ணன் எழுதினார் என்பதன் எடையை வாசகர் உணர வேண்டுமானால் இந்த உறவுகளைச் சொல்லாமல் முடியாது. இதை ஆன்ரி-எல்ஸெயாரின் தீர்ப்பு என்று எழுதுவது அடிக்கடி நடக்கிற பிழை. அவர் 1878இல்தான் வந்தார். ஆண்டைச் சரிபார்த்தாலே பிழை தெரிந்துவிடும்.

---

பழஞ்சுவடி பதில்:

ஆவணங்கள் பற்றி. மேலிருந்து கீழே இறங்குங்கள். நேரே பங்குப் பதிவேட்டில் குதிக்க வேண்டாம்.

முதலில் கனடிய வாழ்க்கை வரலாற்று அகராதியின் இணையப் பதிப்பு, பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இலவசம். ஒவ்வொரு கட்டுரையும் "இன்னாருக்கும் இன்னாருக்கும் மகன், இந்த நாளில் இந்த ஊரில் இன்னாரை மணந்தார்" என்றுதான் தொடங்கும். அந்த முதல் பத்தியை மட்டும் எல்லாத் தாஷ்ரோக்களுக்கும் ஓர் அட்டவணையில் போடுங்கள். அடுத்து, சட்டமன்ற ஆண்டுகளுக்குக் கியூபெக் தேசியப் பேரவையின் தளம். நீதிபதிகளுக்கு உச்ச நீதிமன்றத்தின் தளம். இவை மூன்றும் ஒத்துவந்தால் பெரும்பாலும் போதும். ஒத்துவராத இடத்துக்கு மட்டும் மூல ஆவணம் பாருங்கள்.

மூல ஆவணத்தில் முதலாவது கத்தோலிக்கப் பங்குப் பதிவேடு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பங்குக் குரு எழுதுவார். அதுவே அரசுப் பதிவும். 1679 முதல் இரண்டு படி: ஒன்று கோயிலில், மற்றது நீதிமன்றத்தில். கோயில் படி எரிந்தோ நனைந்தோ போயிருந்தால் நீதிமன்றப் படி இருக்கும். இணையத்தில் பெரும்பாலும் காணக்கிடைக்கும் ட்ரூவான் தொகுப்பு நீதிமன்றப் படியின் படம். இரண்டாவது படி நகல் எடுத்தது என்பதால் பெயர் விடுபடும், தேதி மாறும். ஐயம் வந்தால் கோயில் படியோடு ஒப்பிடுங்கள். 1849க்கு முற்பட்டவற்றுக்கு மொன்றியால் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மக்கள்தொகை ஆய்வுத் திட்டம் குடும்பம் குடும்பமாகத் தொகுத்து வைத்திருக்கிறது. அதில் தொடங்கிப் பதிவேட்டுப் படத்துக்குப் போவது சுருக்கமான வழி.

தவறு நேரும் இடங்கள்:

பதிவின் தலைப்பில் இருப்பது ஞானஸ்நான நாள். பிறந்த நாள் உள்ளே "நேற்றுப் பிறந்த" என்று இருக்கும். ஒரு நாள் வித்தியாசத்தை வைத்து இரண்டு குழந்தைகள் என்று முடிவு செய்யாதீர்கள்.

ஆண் குழந்தைக்கு ழொஸெஃப், பெண் குழந்தைக்கு மரி என்று ஒரு பெயர் வழக்கமாக ஒட்டியிருக்கும். கூப்பிடும் பெயர் அதுவாக இருக்க வேண்டியதில்லை.

பெண்கள் கடைசிவரை பிறந்த வீட்டுப் பெயரில்தான் பதிவாவார்கள். மணமான பெண்ணின் அடக்கத்தைத் தாஷ்ரோ என்று தேடினால் கிடைக்காது. தியோன், கரோன், பனே என்று தேடுங்கள்.

மறுமணப் பதிவில் மணமகனின் பெற்றோர் பெயர் பெரும்பாலும் இராது. "காலமான இன்னாரின் கணவர்" என்று முதல் மனைவி பெயர்தான் இருக்கும். இரண்டு ழான்-தோமாவைக் குழப்பிக்கொள்கிறவர்கள் விழுகிற குழி இது. அங்கே பெற்றோரைத் தேடாமல் முதல் திருமணப் பதிவுக்குப் போக வேண்டும்.

உறவுக்குள் திருமணம் என்றால் "தடைநீக்கம் பெறப்பட்டது, இத்தனையாம் படி" என்று குரு எழுதியிருப்பார். திருச்சபை அன்று படியை எண்ணிய முறை: பொது முன்னோர் வரை ஒரு பக்கம் மட்டும் எண்ணுவது. ஒன்றுவிட்ட உறவு இரண்டாம் படி, இரண்டுவிட்டது மூன்றாம் படி. உரிமையியல் சட்டம் இரண்டு பக்கமும் கூட்டும். அதே ஒன்றுவிட்ட உறவு அங்கே நான்காம் படி. பதிவேட்டில் "மூன்றாம் படி" என்று கண்டால் சட்டக் கணக்கில் படித்து மாமன்–மருமகள் என்று எழுதிவிடக் கூடாது.

அடுத்தது நொத்தாரி ஆவணங்கள். நொத்தாரி என்பவர் ஒப்பந்தங்களைச் சட்டப்படி எழுதிப் பாதுகாத்த அலுவலர். திருமண ஒப்பந்தம், இறந்தபின் சொத்துப் பட்டியல், பாகப்பிரிவினை மூன்றும் நொத்தாரி முன் எழுதப்பட்டவை. தேட, முதலில் நொத்தாரியின் பெயர் தெரிய வேண்டும். வாழ்க்கை வரலாற்று அகராதியின் கட்டுரை அடியில் அது பல வேளை இருக்கும். பிறகு அவருடைய தேதிவாரிப் பட்டியல், அதில் ஆவண எண், அதன்பின் ஆவணம். சான்த்-மரி நிலம் ஏன் இத்தனை தாஷ்ரோக்களின் பெயரில் துண்டு துண்டாக வருகிறது என்பதற்கு விடை பாகப்பிரிவினையில்தான் கிடைக்கும். பிரெஞ்சு ஆட்சியோடு வந்த பாரிஸ் வழக்காற்றுச் சட்டப்படி நிலமானியத்தில் மூத்த மகனுக்கு மாளிகையும், பிள்ளைகள் இருவரானால் மூன்றில் இரண்டு பங்கும், அதற்கு மேலானால் பாதியும், மீதி மற்றவர்களுக்கு. ஆகவே ஒரே காலத்தில் பலர் பெயருக்கு முன்னால் "செனியூர்" என்று இருப்பது பிழையல்ல. 1854இல் நிலமானிய முறை ஒழிந்த பிறகும் அந்தப் பட்டம் மரியாதைக்காக ஒட்டிக்கொண்டிருக்கும். அதை உடைமைக்குச் சான்றாக எடுக்க வேண்டாம்.

---

வேர்தேடி:

மிக்க நன்றி. தியோன் சகோதரிகள் என் குறிப்பில் அறவே இல்லை. இன்னும் ஒன்று. முதல்வர் லூயி-அலெக்ஸாந்த்ர் 1936இல் விலகியது, அன்று எதிர்க்கட்சித் தலைவராக இருந்து பிறகு முதல்வரான துப்ளெஸியால். மகன் ரொபேர் பிறகு உச்ச நீதிமன்றத்தில் துப்ளெஸி அரசின் வழக்குகளைக் கேட்டிருக்கிறார். அவர் எதிராகவே தீர்ப்பளித்தார் என்று எழுதலாமா?

---

தீர்ப்புரை:

எழுதாதீர்கள், நடந்தது ஏறக்குறைய மாறாக.

பின்னணி சரிதான். லூயி-அலெக்ஸாந்த்ர் 1920இலிருந்து முதல்வர். 1935 தேர்தலில் மயிரிழையில் தப்பினார். 1936இல் பொதுக்கணக்குக் குழுவில் துப்ளெஸி கேள்வி மேல் கேள்வி கேட்டார். சட்டமன்றத்தின் கணக்கரான முதல்வரின் சகோதரர் அந்துவான், அரசுப் பணத்தின் வட்டியைத் தன் வங்கிக் கணக்கில் போட்டுவந்தது வெளியானது. ஜூன் 11 அன்று முதல்வர் விலகினார். அதெலார் கொத்பு பொறுப்பேற்றார். ஆகஸ்ட் தேர்தலில் துப்ளெஸி 76 இடம், தாராளவாதிகள் 14. 1930 முதல் பெல்ஷாஸ் தொகுதியின் உறுப்பினராக இருந்த ரொபேரின் சட்டமன்ற வாழ்வும் அந்த ஆண்டோடு முடிந்தது.

ஆனால் தீர்ப்புகளைப் பாருங்கள். 1957இல் துப்ளெஸியின் 'பூட்டுச் சட்டம்' (கம்யூனிசப் பிரசாரம் நடக்கும் கட்டடத்தைப் பூட்ட அனுமதித்த சட்டம்) செல்லாது என்று எட்டு நீதிபதிகள் சொன்னபோது செல்லும் என்று எழுதிய ஒரே நீதிபதி ரொபேர். 1959இன் ரொன்கரெல்லி எதிர் துப்ளெஸி வழக்கில், அதாவது ஓர் உணவக உரிமையாளரின் மது உரிமத்தை ரத்து செய்ய வைத்ததற்காகத் துப்ளெஸி மீது தொடரப்பட்ட இழப்பீட்டு வழக்கில், ஆறு பேர் துப்ளெஸிக்கு எதிராக, மூன்று பேர் மாறாக. அந்த மூவரில் ரொபேர் ஒருவர். அவருடைய காரணம் நடைமுறை சார்ந்தது: பொது ஊழியர் மீது இழப்பீட்டு வழக்குத் தொடர உரிமையியல் நடைமுறைச் சட்டத்தொகுப்பின் 88ஆம் பிரிவு ஒரு மாத முன்னறிவிப்புக் கேட்கிறது, அது கொடுக்கப்படவில்லை. தந்தையைப் பதவியிலிருந்து இறக்கியவருக்குச் சாதகமாக முடியும் கருத்தை அவர் எழுதினார். குடும்பப் பகை என்ற சரட்டில் இதைக் கோத்தால் கட்டுரை தவறாகிவிடும்.

ரொபேருக்கு இன்னும் இரண்டு குறிப்புகள் அவசியம். 1946இல் சோவியத் உளவு பற்றிய குஸென்கோ விவகாரத்தை நீதிபதி கெலக்கோடு சேர்ந்து விசாரித்த அரச ஆணையம். 1967 மார்ச் 5இல் தலைமை ஆளுநர் வனியே இறந்ததும், ஏப்ரல் 17இல் மிச்னர் பதவியேற்கும் வரை, தலைமை நீதிபதி என்ற முறையில் ரொபேர் கனடா அரசின் நிர்வாகியாக இருந்தார். "தலைமை ஆளுநர் ஆனார்" என்று எழுதிவிட வேண்டாம். பதவி வேறு, ஆறு வாரப் பொறுப்பு வேறு.

---

கொடிவழி:

ஒரு சேர்க்கை. ரொபேரின் தாய் அதின் தியோன், எலிஸே தியோனின் மகள், அமாப்ல் தியோனின் பேத்தி. எனவே உங்கள் படத்தில் தியோன் கோடு மூன்று முறை வர வேண்டும்: ஆன்ரி-எல்ஸெயாருக்கு ஒன்று, ஆன்ரி-தோமாவுக்கு ஒன்று, ரொபேருக்கு ஒன்று. மூன்று தலைமை நீதிபதிகளுக்கும் பொதுவான மிக அண்மைய முன்னோர் கப்ரியேல்-எல்ஸெயார் அல்லர், அமாப்ல் தியோன். படம் வரையும்போது அவரை நடுவில் வைத்துத் தொடங்குங்கள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் வரும்.